பிழிந்த கையும் வடித்த கையும்

கேமரன் மலையில் காலை ஆறரை மணிக்கு விரல் விறைக்காமல் வேலை செய்கிற ஒரே ஆள் திலகாதான். புக்கிட் எம்புன் தேயிலைத் தோட்டத்துக் கீழ்க் கொட்டகையில், தோள் வரை ஏறும் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒரு செம்மறி ஆட்டின் வயிற்றுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு நிற்பாள். வெளியே பதினாறு டிகிரி. உள்ளே முப்பத்தொன்பது. மற்றவர்கள் கையை ஊதிக்கொண்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் நேரத்தில், அவளுக்கு நெற்றியில் வேர்வை அரும்பியிருக்கும்.

இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் சுளிக்கலாம். ஆடு சுளிக்கவில்லை. அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு நிற்கும். ஆராய்ச்சிக்காக இடது விலாவுக்குப் பின்னால் கால்நடை மருத்துவர் அறுவை செய்து, வாய் மாதிரி ஒரு வழி வைத்து, ரப்பர் மூடி போட்ட ஆடுகள் தோட்டத்தில் எட்டு இருந்தன. காயம் ஆறி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மூடியைத் திறந்தால் முதல் வயிறு. புளித்த கள்ளும் நறுக்கிய புல்லும் கலந்த வாடை வரும். திலகாவின் கணவன் புனிதனுக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது. அவள் குளித்த பிறகுதான் சாப்பிட உட்காருவான். திலகாவுக்கோ அது வேலைக்கு வந்துவிட்டோம் என்கிற வாடை.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அதில் பதினான்கு வருடம் கொழுந்து வெட்டிக் கழித்தவள். முதலில் பை கட்டிய கத்தரி, பிறகு இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து நகர்த்தும் இயந்திரம். வாய் கொஞ்சம் நீளம். கங்காணி ஒன்று சொன்னால் இரண்டு சொல்லாமல் ஒரு நாளும் மலையை விட்டு இறங்கியதில்லை. தேயிலைக்கு நடுவில் முளைக்கும் புல்லைத் தின்ன ஆடு விட்டுப் பார்க்கலாம் என்று கம்பெனி நாற்பது செம்மறிகளை வாங்கியபோது, மேய்க்க ஒருவரும் முன்வரவில்லை. தொல்லை விட்டது என்று கங்காணி திலகாவின் பெயரைக் கொடுத்தார். அவர் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது, அவளுக்கு வாழ்நாளிலேயே வாய்த்த நல்ல வேலையாகப் போனது. ஒரு மாதத்தில் நாற்பதையும் முகம் பார்த்துச் சொன்னாள். எது சாணி இளகப் போட்டது, எது அசை போடுவதை நிறுத்தியது, எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வேலை காண்ட்ராக்ட்தான். வருடா வருடம் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டால் உண்டு, போடாவிட்டால் மறுபடியும் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பிடிக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் டாக்டர் குகனேஸ்வரன் வந்து சேர்ந்தார். ஈப்போக்காரர். பல்கலைக்கழகத்தில் கால்நடைத் தீவன ஆராய்ச்சி. அவருடைய கேள்வி எளிமையானது. திரிங்காப் காய்கறித் தோட்டங்களில் முட்டைக்கோஸின் வெளி இலையைக் கழித்துக் குவியல் குவியலாக எறிகிறார்கள். தேயிலை ஆலையில் சல்லடையில் தங்கும் காம்பும் வீணாகப் போகிறது. இரண்டையும் புல்லோடு சேர்த்து ஆட்டுக்குப் போட்டால் என்ன? கோஸ் இலையைப் பற்றி யாருக்கும் பயமில்லை. தேயிலைக் காம்பில்தான் துவர்ப்பு. துவர்ப்பு வயிற்றிலுள்ள பாக்டீரியாவைக் கெடுத்துவிட்டால் ஆடு தின்றும் பட்டினி கிடக்கும்.

ஏனென்றால் ஆடு புல்லைச் செரிக்கிறது என்பது பாதிப் பொய். ஆடு மெல்லும், விழுங்கும், திரும்ப மெல்லும். உள்ளே புல்லை உடைத்துச் சத்தாக்குவது கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். அவை பல வகையாக இருந்தால் ஒன்று விட்டதை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். வகை குறைந்துபோனால் ஆபத்து. ஆகவே எத்தனை வகை என்று அளக்க வேண்டும்.

எப்படி அளப்பது என்பதைத் திலகா டாக்டரை விடாமல் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்தக் காலத்தில் தட்டில் வளர்த்துப் பார்த்து எண்ணினார்களாம். காற்றுப் பட்டாலே சாகிற ஜாதிகள் அவை. பெரும்பாலானவை தட்டில் முளைக்கவே இல்லை. இப்போது வளர்ப்பதில்லை. வயிற்றுச் சாற்றைப் பொடிக் கண்ணாடி மணிகளோடு போட்டுக் குலுக்கி, பாக்டீரியாவை உடைத்து, மரபணுவை வெளியே எடுக்கிறார்கள். எல்லா பாக்டீரியாவுக்கும் இருக்கிற, ஆனால் வகைக்கு வகை எழுத்து மாறுகிற ஒரு மரபணுத் துண்டை இயந்திரம் வாசிக்கிறது. வாசித்ததை வகை பிரித்து எண்ணுகிறார்கள். ஒரு குழாயில் ஐம்பதாயிரம் வாசிப்பும் இன்னொன்றில் இருபதாயிரமும் வந்தால், இரண்டையும் இருபதாயிரத்துக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிட வேண்டும். திலகாவுக்கு இது உடனே பிடிபட்டது. அரை நாள் கொழுந்து எடுத்தவளையும் முழு நாள் எடுத்தவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி யார் கெட்டி என்று கேட்டால் அடி விழும்.

சாறு எடுப்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஆடு காலைத் தீனி தின்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். எட்டு ஆட்டுக்கும் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. அதனால் கோஸ் இலை தின்கிற நான்கு ஆடுகள் மேல் கொட்டகையில், அவற்றுக்குப் புவனேஸ். தேயிலைக் காம்பு தின்கிற நான்கும் கீழ்க் கொட்டகையில், அவற்றுக்குத் திலகா. புவனேஸ் கிள்ளானிலிருந்து வந்த முதுகலை மாணவி. கெட்டிக்காரி, பொறுமைசாலி, குளிருக்கு மூன்று சட்டை போடுகிறவள். இந்த ஆராய்ச்சிதான் அவளுடைய பட்டத்துக்கான ஆய்வேடு. செய்முறை எல்லாம் எழுதிய ஆங்கிலத் தாளை டாக்டர் அவளிடம் கொடுத்தார். திலகாவுக்கு வாயாலேயே சொன்னார். வயிற்றின் ஐந்து இடத்திலிருந்து அள்ளணும், சுடுதண்ணீர் ஊற்றிச் சூடேற்றிய பிளாஸ்கில் போடணும், நாலு மடிப்புத் துணியில் வடிக்கணும். வடிக்கிறது எப்படி என்று அவள் கேட்டதற்கு, "வீட்ல துணியில பால் எடுப்பீங்கல்லம்மா, அதே மாதிரிதான்," என்றார்.

எதுவும் தெரியாதவள் மாதிரி கேட்டுவிட்டோமே என்று திலகாவுக்கு அன்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சாறு எடுத்தார்கள். நான்கு தடவையின் கணக்கு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேர்ந்தபோது டாக்டர் தரையில் நிற்கவில்லை. கோஸ் தின்ற ஆடுகளில் பெரும்பாலும் எழுநூறு வகை. தேயிலைக் காம்பு தின்றவற்றில் ஏறக்குறைய ஆயிரம். கெடுக்கும் என்று பயந்த காம்பு வகையைக் கூட்டியிருக்கிறது! வெள்ளிக்கிழமை துரையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றார். துரை மகேஸ்வரன் தோட்டத்துக்கு மேனேஜராகி இரண்டு வருடந்தான், ஆனாலும் தொழிலாளர் லைன் வழக்கப்படி அவர் துரைதான். கணக்கு நன்றாக இருந்தால் ஆட்டு மந்தையைத் தோட்டமே ஏற்று நடத்தும், திலகாவை நிரந்தரமாக்கிவிடலாம் என்று அவர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அன்று புதன்கிழமை; திலகா ஆட்டுக்கெல்லாம் இரண்டு கை புல் அதிகமாகப் போட்டாள்.

டாக்டருக்கு ஒரே ஒரு உறுத்தல். மூன்றாவது தடவை மட்டும் கோஸ் ஆடுகளின் கணக்கும் ஆயிரத்தைத் தொட்டிருந்தது. மற்ற மூன்று தடவையும் எழுநூறு, அன்றைக்கு மட்டும் துள்ளல். அன்று புவனேஸ் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குக் கிள்ளான் போயிருந்தாள். திலகாதான் மேலும் கீழும் ஓடி எட்டு ஆட்டுக்கும் எடுத்தாள். அவசரத்தில் குழாய்ச் சீட்டை மாற்றி ஒட்டியிருப்பாள், அந்த நாளைக் கணக்கிலிருந்து தூக்கிவிடலாம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். திலகாவுக்குச் சுருக்கென்று தைத்தது. குழாயின் மூடியிலும் எழுதி, உடம்பிலும் எழுதி, எழுதினதை ஆட்டின் காதுத் தகட்டோடு இரண்டு தரம் ஒத்துப் பார்க்கிறவள் அவள். கணக்குத் தாளைக் கேட்டு வாங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் தடுமாறும், எண் தடுமாறாது. விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தாள்.

"சீட்ட மாத்தி ஒட்டியிருந்தா இந்த நாலு ஏறுன மாதிரி அந்த நாலு எறங்கியிருக்கணுமே டாக்டர். எட்டும்ல ஒசரத்துல நிக்குது?"

டாக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவள் சொன்னது சரி. அப்படியானால் வேறு என்ன என்று கேட்டார். திலகா தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று சவால் மாதிரி சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் வியாழன், ஐந்தாவது தடவை. திலகா வேகக்காரி. தன் நான்கையும் முடித்துவிட்டு மேல் கொட்டகைக்கு ஏறினாள். மூன்றாவது நாளைக்கும் மற்ற நாட்களுக்கும் இருந்த வித்தியாசம், அன்று மேல் கொட்டகையில் தான் நின்றது ஒன்றுதான் என்று இரவெல்லாம் யோசித்து அந்த மட்டுக்கு வந்திருந்தாள். அப்படியானால் புவனேஸ் ஏதோ தப்பாகச் செய்கிறாள். படித்த பிள்ளையின் தப்பைப் பிடிக்கப் போகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு குஷிகூட இருந்தது. இருந்ததை ஏன் மறைப்பது?

புவனேஸ் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தாள். ஐந்து இடத்தில் அள்ளினாள். சூடான பிளாஸ்க். நாலு மடிப்புத் துணி. துணியைப் புனல்மேல் விரித்து, அள்ளியதை அதில் கொட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாறு சொட்டுச் சொட்டாக இறங்கியது. அது நின்றதும் துணியைச் சக்கையோடு சுருட்டி வாளியில் போட்டாள்.

திலகா வாளியைப் பார்த்தாள். சக்கை ஈரம் கசிந்துகொண்டு கிடந்தது.

"புழியலையா?"

"எதுக்குக்கா புழியணும்? வடிகட்டணும்னுதான தாள்ல இருக்கு."

திலகா தன் கையைப் பார்த்தாள். அவள் இத்தனை நாளும் துணியை மூட்டையாகக் கட்டி, முறுக்கி, மணிக்கட்டு நோகப் பிழிந்திருக்கிறாள். பிறகு மூட்டையை அவிழ்த்து, சக்கையை உதறிப் பிரித்து, மறுபடியும் கட்டி, இரண்டாம் பிழியும் பிழிந்திருக்கிறாள். தேங்காய்ப் பால் அப்படித்தானே எடுப்பது? லைன் வீட்டில் துணியில் பால் எடுப்பது என்றால் தேங்காய்ப் பால்தான். தண்ணீர் சேர்க்கக் கூடாது என்று சொன்னதால் அதை மட்டும் சேர்க்கவில்லை. டாக்டர் சொன்னது எந்தப் பால்? டாக்டர் வீட்டில் மாடு வளர்த்தார்களாம், அவரே சொல்லியிருக்கிறார். கறந்த பாலைத் துணியில் ஊற்றி வடித்தால் தூசியும் முடியும் துணியில் தங்கும். அதை யாராவது பிழிவார்களா?

டாக்டர் மாட்டுப் பாலைச் சொல்ல, அவள் தேங்காய்ப் பாலைக் கேட்டிருக்கிறாள்.

முந்நூறு வகை எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. புல்லை உடைக்கிற பாக்டீரியா புல்லை விட்டு எங்கே போகும்? நாரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. சொட்ட விட்டால் சாற்றில் மிதப்பவை மட்டும் வரும். கெட்டியாகப் பிழிந்தால் ஒட்டியிருப்பவையும் கழன்று வரும். ரோட்டோரத்தில் பெரட்டுக் கூப்பிட்டு, மலையில் ஏற்கெனவே ஏறி வேலை செய்கிறவர்களைக் கணக்கில் விட்டால் ஆள் குறைவாகத்தான் தெரியும். கோஸ் ஆடுகள் அனைத்தும் சொட்ட விட்டவை. தேயிலை ஆடுகள் அனைத்தும் பிழிந்தவை. தேயிலைக் காம்பு வகையைக் கூட்டவில்லை. திலகாவின் மணிக்கட்டு கூட்டியிருக்கிறது.

கூடவே இன்னொன்றும் விளங்கியது. இதைச் சொன்னால் நல்ல கணக்குப் போய்விடும். கணக்குப் போனால் மந்தை போய்விடும். மந்தை போனால் அவள் போக வேண்டியதுதான்.

அன்று மாலை புனிதன் திரிங்காப்பிலிருந்து கோஸ் இலை ஏற்றிய லோரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இலையை இறக்கும்போதே திலகா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நல்லவன், அதிகம் பேசாதவன். கடைசி மூட்டையை இறக்கிவிட்டு டயரில் சாய்ந்துகொண்டு, நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடு என்றான். அவள் யாரையும் ஏமாற்றவில்லை, சொன்னதைத்தான் செய்தாள், படித்த டாக்டருக்கே தெரியாததை இவள் போய் ஏன் கிண்ட வேண்டும் என்பது அவன் கட்சி. கையெழுத்து ஆன பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான்.

"காண்ட்ராக்ட் போச்சுன்னா அழுவ. எனக்குத் தெரியும்லா."

அவனுக்குத் தெரியும்தான். திலகா கொட்டகைக்குள் போனாள். ஆடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. நாளைக்குத் துரை நம்பி, தோட்டத்து ஆடு நாற்பதுக்கும் காம்பைக் கொட்டச் சொல்வார். நல்லதா கெட்டதா என்று இன்னும் எவருக்கும் தெரியாத காம்பு. அதை வாயில் வாங்கப் போவது இவை. அவளுக்கு அழுகை வந்தது, வேலைக்காகத்தான் வந்தது, அதை அவள் தனக்குள் ஒப்புக்கொண்டாள். அழுது முடித்து முகத்தைக் கழுவியபோது முடிவும் எடுத்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் காரை விட்டு இறங்கும்போதே போய் நின்றாள். பிளாஸ்கும் துணியும் கையில். சொல்லிப் புரியவைப்பதை விடச் செய்து காட்டுவது அவளுக்குச் சுலபம். ஒரே ஆட்டின் சாற்றை இரண்டு பங்காக்கினாள். ஒன்றைச் சொட்ட விட்டாள், மற்றதைப் பிழிந்தாள். முதல் கிண்ணத்தில் தெளிந்த பச்சை நீர். இரண்டாவதில் கலங்கிய, கெட்டியான கஞ்சி.

"நீங்க மாட்டுப் பால சொன்னீங்க டாக்டர். நான் தேங்காப் பால எடுத்துட்டேன்."

டாக்டர் முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றது. இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தக் கொட்டகைக்கு எந்தக் கை என்பது அவர் போட்ட ஏற்பாடு. தீனியும் கையும் ஒன்றாகவே மாறின என்பதை இருபது வருடம் ஆராய்ச்சி செய்தவர் பார்க்கத் தவறியிருக்கிறார். அதை அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார், பிழை என்னுடையதம்மா என்று. மனிதரிடம் திலகாவுக்கு மரியாதை கூடியது அந்த நிமிடத்தில்தான். புவனேஸ்தான் பாவம், என் தீசிஸ் போச்சு என்று கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திட்டுவதற்கு ஆளும் இல்லை.

பத்து மணிக்கு மூவரும் துரையின் ஆபீசுக்குப் போனார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. நல்ல செய்தி சொல்லத்தான் வருவதாக இருந்தது, ஆனால் அது செய்தியே இல்லை என்றார். எப்படித் தெரிந்தது என்று துரை கேட்டதற்குத் திலகாவைக் கைகாட்டினார். அவள் பால் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள்.

துரை மகேஸ்வரன் கோபக்காரர் என்று பெயர். அவர் எழுந்தார். எல்லோரையும் கூட வரச் சொல்லி ஆலையின் பின்பக்கத்து ருசி பார்க்கும் அறைக்குக் கூட்டிப் போனார். நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் ஒரு சின்னத் தராசு, மணி அடிக்கும் ஒரு கடிகாரம். அன்றன்றைக்கு அரைத்த தேயிலையை அங்கேதான் ஊற்றிக் குடித்துத் தரம் பிரிப்பார்கள். துரை ஒரு கோப்பையை எடுத்தார். ஒரே எடை தூள், ஒரே அளவு கொதிநீர், ஆறு நிமிடம், ஒரு நொடி கூடக் குறையக் கூடாது என்றார்.

"ரெண்டு பேரு ரெண்டு விதமா ஊத்துனா அது டேஸ்டிங்கா? இத இவங்க சொல்லாம உட்டிருந்தா நான் நாப்பது ஆட்டுக்கும் காம்ப போட்டிருப்பேன்லா."

கோபம் யார்மேல் என்று தெரியாமல் மூவரும் நின்றார்கள். கோபமே இல்லை என்று தெரிய ஒரு நிமிடம் ஆனது. மறுபடியும் முதலிலிருந்து செய்யுங்கள், இந்தத் தடவை ஒழுங்காக அளந்து செய்யுங்கள் என்றார். அது முடியும் வரை மந்தை இருக்கும். திலகாவின் வேலைக் காகிதத்தை ஆபீஸ் கிராணியிடம் சொல்லி அன்றைக்கே அடிக்கச் சொன்னார், காண்ட்ராக்டாக அல்ல, நிரந்தரமாக. கணக்கு நன்றாக வந்தால் வேலை என்று சொன்னீர்களே என்று அவள் கேட்டேவிட்டாள். வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா? துரை கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தார்.

மறுபடியும் செய்வதற்கு டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். எல்லா ஆட்டுக்கும் திலகாவே எடுக்கட்டும். பிழிந்தால்தான் நாரில் ஒட்டியவையும் வருகின்றன, அதுதான் முழுக் கணக்கு. எட்டையும் ஒரே கை பிழிந்தால் வித்தியாசம் வராது. நேரம் கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை, தீனியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். அவளுடைய கையை நம்புவதாகச் சொன்னார். கங்காணியிடம் பதினான்கு வருடம் கேட்காத வார்த்தை அது. அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடேயே வேண்டாம் என்றாள்.

"நான் ஒரு நாளு காய்ச்சல்ல படுத்துட்டா என்ன பண்ணுவீங்க? வேற ஊர்ல வேற ஆளு செஞ்சா என் கையவா கொண்டு போவாங்க? இது ஆருக்கும் ஒண்ணா வரணும் டாக்டர்."

ருசி பார்க்கும் அறையில் துரை கோப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தராசை. பிழிகிறது என்றால் எவ்வளவு பிழிகிறது? இறுக்கமாக என்று தாளில் எழுதினால் அவள் இறுக்கம் வேறு, புவனேஸின் இறுக்கம் வேறு. கை பலத்தை எழுத முடியாது. ஆனால் சக்கையை எடை போடலாமே. வயிற்றிலிருந்து அள்ளியது அரைக் கிலோ. துணியோடு பிழிந்து பிழிந்து எடை போட்டுக்கொண்டே வந்து, சக்கை நூற்றைம்பது கிராமுக்கு இறங்கியதும் நிறுத்த வேண்டும். பலசாலி இரண்டு முறுக்கில் நிறுத்துவார், பலமில்லாதவர் நாலு முறுக்கில் நிறுத்துவார். நின்ற இடம் ஒன்றுதான்.

டாக்டர் புவனேஸைப் பார்த்து, எழுதிக்கொள் என்றார். ஆங்கிலத் தாளில் அந்த வரி ஏறியது. அதற்குக் கீழே தமிழிலும் மலாயிலும் ஏறியது, திலகாவின் பிடிவாதத்தால். பால் என்ற சொல் எந்த மொழியிலும் வரக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பத்து வாரம், ஐந்து தடவை நடந்தது. இந்தத் தடவை இருவரும் கொட்டகையை மாற்றி மாற்றி எடுத்தார்கள். எந்த நாள் எந்த ஆட்டுக்கு எவள் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். முதல் தடவை புவனேஸின் மணிக்கட்டு வீங்கிப்போய், திலகா நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். இரண்டாம் தடவையிலிருந்து யாருடைய மூட்டை முதலில் நூற்றைம்பதைத் தொடுகிறது என்று போட்டி வந்தது. பெரும்பாலும் திலகாதான். ஒரு தரம் அவசரப்பட்டு நூற்று முப்பதுக்கு இறக்கிவிட்டு, தன் சாற்றைத் தானே கீழே கொட்டி, ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி அள்ளினாள்.

கணக்கு வந்த அன்று டாக்டர் தாளை மேசையில் விரித்தார். கோஸ் தின்றவை ஆயிரத்துப் பத்து, காம்பு தின்றவை தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. காம்பு கூட்டவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. கெடுக்கவில்லை என்பது துரைக்குப் போதும், தாராளமாகப் போடலாம். புவனேஸுக்கு ஆய்வேட்டில் புதிதாக ஒரு அத்தியாயமே கிடைத்துவிட்டது, பிழிவது பற்றி. பழைய அத்தியாயத்தை விட அதுதான் பேசப்படும் என்று டாக்டர் சொன்னார்.

பிறகு அவர் இரண்டாவது தாள் ஒன்றை எடுத்தார். அதில் ஆட்டின் எண் இருந்தது, தேதி இருந்தது, வகைகளின் கணக்கு இருந்தது. எடுத்தவர் பெயர் இருந்த பத்தியை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். இதில் உங்கள் கை எது என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றார்.

திலகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்பது வரி. விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தாள். திரும்ப மேலே போனாள். ஒன்றைக் காட்டி இது நான் என்றாள்; டாக்டர் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார், புவனேஸ். இன்னொன்றைக் காட்டி இது புவனேஸ் என்றாள், அது திலகாவே. மூன்றாவதாக ஒன்றை நீண்ட நேரம் பார்த்துவிட்டு விரலை எடுத்துவிட்டாள்.

"தெரியல டாக்டர்," என்றாள். தெரியாமல் போனதற்காக வாழ்க்கையில் அத்தனை சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.